அப்பா பிடித்த மீன்

பள்ளி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சிஸ்டர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கும் ஒரு சொல் உண்டு. அந்தச் சொல் 'கேட்ச்ட்'. அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது என்று மாணவியர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. சற்றுப் பொறுங்கள்!

1971-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு தகரப் பெட்டியும் கையுமாக இப்பள்ளியின் போர்டிங்கில் வந்து சேர்ந்தேன். எங்கள் ஊர் கடற்கரைக் கிராமம். அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். பங்குக் கோயிலை ஒட்டியிருந்த சிறிய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தேன். அங்கே ஆங்கிலம் என்றால் எழுத்துகளும் சில பாட்டுகளும்தான். இங்கேயோ, திங்கட்கிழமைதோறும் முதல் பாடவேளையில் ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும்.

ஆகஸ்டு மாதம் திருவிழா விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினேன். அந்த விடுமுறையில் அப்பாவின் வலையில் ஒரு பெரிய சீலா மீன் விழுந்திருந்தது. கரைக்கு வந்ததும் ஊரே கூடிப் பார்த்தது. இதையே திங்கட்கிழமை சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். ஞாயிறு இரவு படுக்கையில் கிடந்தபடி வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாகக் கோத்தேன். 'வாஷ்' என்றால் 'வாஷ்ட்'. 'வாட்ச்' என்றால் 'வாட்ச்ட்'. அப்படியானால் 'கேட்ச்' என்றால் 'கேட்ச்ட்'தானே? யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையில் தூக்கமே வரவில்லை.

மறுநாள் எழுந்து நின்றேன். 'மை ஃபாதர் கேட்ச்ட் எ பிக் ஃபிஷ்' என்றேன்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. முதலில் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே எனக்கு விளங்கவில்லை. மீனுக்கா, அப்பாவுக்கா, எனக்கா? பக்கத்திலிருந்தவள்தான், "ஏட்டி, 'காட்'டுன்னு சொல்லணும்" என்று காதைக் கடித்தாள். அன்று சாப்பாட்டு அறையில் "கேட்ச்ட் வருகிறாள்" என்று சிலர் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் ஆங்கில வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. என் முறை வரும்போது தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். ஆகஸ்டு போய், செப்டம்பர் போய், அக்டோபரும் போயிற்று.

எங்களுக்கு ஆங்கிலம் எடுத்தவர் அயர்லாந்து நாட்டுச் சிஸ்டர். நவம்பரில் ஒரு மாலை, ஜெபமாலை முடிந்ததும், மாதா கெபியின் அருகே என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார். திட்டப் போகிறார் என்று நடுங்கினேன். அவரோ தமக்குத் தெரிந்த தமிழில், "பிள்ளை, உன் அப்பா பிடித்த மீன் எவ்வளவு பெரியது?" என்று கேட்டார். நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். "அவ்வளவு பெரியதா!" என்று வியந்தார். பிறகு சொன்னார்: "எங்கள் ஊரில் என் பாட்டி 'ஐ சா' என்று சொன்னதே இல்லை. 'ஐ சீன்' என்றுதான் சொல்வார். ஊரில் பலரும் அப்படித்தான். யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் நீ அதைப் பரீட்சையில் எழுதாதே!" சற்று நிறுத்தி, "நீ பேசு. தப்பு வந்தால் நான் திருத்துகிறேன். நீ பேசாவிட்டால் நான் எதைத் திருத்துவேன்?" என்றார்.

மறு திங்கட்கிழமை நான் எழுந்து, 'காட்' என்று திருத்தி, அதே மீனைப் பற்றிச் சொன்னேன். பிறகு ஆங்கிலமே என் பாடமாயிற்று. கல்லூரியிலும் அதையே படித்து, ஆங்கில ஆசிரியையாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தச் சொல்லின் வரலாற்றை நான் தெரிந்துகொண்டது கல்லூரி நாட்களில்தான். மாணவியருக்காக அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆங்கில வினைச்சொற்களில் இரு வகை உண்டு. உள்ளே இருக்கும் உயிரொலியை மாற்றி இறந்த காலம் காட்டுவன ஒரு வகை. 'சிங்' என்பது 'சாங்' ஆவதுபோல. இறுதியில் 'எட்' சேர்ந்து இறந்த காலம் காட்டுவன மற்றொரு வகை. 'வாஷ்' என்பது 'வாஷ்ட்' ஆவதுபோல. முன்னதற்கு 'வலிய வினை' என்றும் பின்னதற்கு 'மெலிய வினை' என்றும் பெயர் வைத்தவர் யார் தெரியுமா? ஜெர்மன் நாட்டு ஜேக்கப் கிரிம். ஆம், தம்பியுடன் சேர்ந்து நாம் எல்லாரும் படித்து மகிழ்ந்த தேவதைக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான்! 1819-இல் அவருடைய இலக்கண நூலின் முதல் பாகம் வெளிவந்தது.

இந்த இரண்டிலும் சேராமல் இடையில் நிற்கும் ஒரு குடும்பமும் உண்டு. 'டீச்–டாட்', 'திங்க்–தாட்', 'பிரிங்–பிராட்', 'பை–பாட்', 'சீக்–சாட்'. இவற்றின் எழுத்துக்கூட்டலில் ஒலிக்காத ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகள் உட்கார்ந்துகொண்டு நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைக்கின்றன அல்லவா? ஒரு காலத்தில் அவை ஒலித்தன. தொண்டையிலிருந்து எழும் ஒரு ககர ஒலி அங்கே இருந்தது. காலப்போக்கில் ஒலி தேய்ந்துபோயிற்று. எழுத்து மட்டும் தங்கிவிட்டது.

'கேட்ச்' இந்தக் குடும்பத்தில் பிறந்ததே அல்ல. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சு மொழி வழியாக வந்து புகுந்த சொல் அது. வந்த விருந்தாளி 'எட்' விகுதியோடு ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். ஆனால் பிடித்தல் என்ற அதே பொருளில் ஆங்கிலத்தில் முன்பே இருந்த 'லேட்ச்' என்ற சொல், மேலே சொன்ன 'டாட்', 'தாட்' போலவே இறந்த காலம் காட்டிவந்தது. அதைப் பார்த்து 'கேட்ச்' என்பதும் 'காட்' ஆயிற்று. பல நூற்றாண்டுகள் 'கேட்ச்ட்', 'காட்' இரண்டும் அருகருகே வழங்கின. 1755-இல் டாக்டர் ஜான்சன் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியில் இரண்டு வடிவங்களும் இடம்பெற்றுள்ளன. அதைக் கல்லூரி நூலகத்தில் அறிந்த அன்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பதினோரு வயதுச் சிறுமி படுக்கையில் கிடந்து கண்டுபிடித்த சொல்லுக்கு ஜான்சனின் அகராதியில் ஓர் இடம் இருந்திருக்கிறது! நான் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் தாமதமாக வகுப்புக்கு வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

இப்படி இடம் மாறிய சொற்கள் பல. 'ஹெல்ப்' என்பது பழைய ஆங்கிலத்தில் வலிய வினை. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் காலத்து ஆங்கில விவிலியத்தில், நம் அன்னை மரியாளின் பாடலில், 'ஹோல்ப்பன்' என்ற வடிவம் காணப்படுகிறது. இன்று அப்படி எழுதினால் சிவப்பு மை நிச்சயம்! அதே விவிலியத்தில், ஈசாக்கின் வேலைக்காரர்கள் கிணறு தோண்டியதைக் கூறும் இடத்தில் 'டிக்ட்' என்று இருக்கிறது. இன்று 'டக்' என்பதே சரி. ஒன்று ஒழுங்கற்றதாயிருந்து ஒழுங்கானது. மற்றொன்று ஒழுங்காயிருந்து ஒழுங்கு மாறிற்று. நம் பள்ளி மணி அடித்தால் 'ராங்' என்கிறோமே, அதுவும் 'சிங்–சாங்' என்பதைப் பார்த்துப் பிற்காலத்தில் வந்த வடிவந்தான்.

'கெட்' என்பதன் பழைய வடிவமான 'காட்டன்' (பருத்தித் துணி அல்ல!) இங்கிலாந்தில் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது, அமெரிக்காவில் இன்றும் வாழ்கிறது. இங்கிலாந்தார் அதை அமெரிக்கர்களின் கொச்சை என்று எண்ணுவதும் உண்டு. ஆனால் விசுவாசப் பிரமாணத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'பிகாட்டன்' என்று சொல்கிறோமே, அதற்குள் ஒளிந்திருப்பது அதே வடிவந்தான்.

எது சரி, எது தவறு என்று கோடு கிழித்தவர்கள் யார்? பதினெட்டாம் நூற்றாண்டில் இலக்கண நூல்கள் பல எழுந்தன. 1762-இல் ராபர்ட் லௌத் என்பவர் எழுதியது அவற்றுள் புகழ்பெற்றது. அவர் பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையில் லண்டன் ஆயரானவர். ஷேக்ஸ்பியர், மில்ட்டன் போன்றோரின் எழுத்திலேயே வினைவடிவப் பிழைகள் இருப்பதாக அவர் எடுத்துக்காட்டினார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அது அவர்களுக்கும் பொருந்தும்போலும்! அல்லது அவர்கள் காலத்தில் அது சறுக்கலே அல்லவோ?

2007-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்ற வினைகளாக இருந்தவற்றில் 177-ஐ எடுத்துக்கொண்டு அவற்றின் கதியை ஆராய்ந்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் 145 மட்டுமே ஒழுங்கற்றவையாக நின்றன, இன்று 98. மற்றவை 'எட்' விகுதிக்கு அடங்கிவிட்டன. எவை தப்பின? நாள்தோறும் நாவில் புழங்குகின்றவை. தினமும் துலக்கும் பாத்திரம் பளபளவென்று இருக்கும். பரணில் போட்டது களிம்பேறும். 'வா', 'சொல்', 'கொடு' என்ற பொருளுடைய சொற்களை ஆங்கிலேயர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதால் அவற்றின் பழைய வடிவங்கள் மறக்கவில்லை.

நம் தமிழிலும் இந்தச் சங்கதி இல்லாமலில்லை. இறந்த காலத்துக்கு த், ட், ற், இன் என்ற இடைநிலைகளை நன்னூலார் கூறுகிறார். 'நில்' என்பது 'நின்றாள்' ஆகிறது. 'கேள்' என்பது 'கேட்டாள்' ஆகிறது. 'வா' என்பது 'வந்தாள்' ஆகிறது. வீட்டில் நாம் 'போச்சு' என்கிறோம். பரீட்சைத் தாளில் 'போயிற்று' என்று எழுதுகிறோம். அதற்காக நம் அம்மா 'போச்சு' என்று சொல்லும்போது நாம் சிரிக்கிறோமா?

குழந்தைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்கப் பெண்மணி, சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் படங்களைக் காட்டி, தாமே கற்பனையாகப் படைத்த சொற்களைச் சொன்னார். "இவன் 'ரிக்' செய்கிறான். நேற்றும் அதையே செய்தான். நேற்று என்ன செய்தான்?" என்ற மாதிரிக் கேட்டார். பிள்ளைகள் 'ரிக்ட்' என்றார்கள். உலகத்தில் எவரும் அவர்களுக்கு அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க முடியாது! ஆகவே பிள்ளைகள் கிளிப்பிள்ளைபோல் கேட்டதைத் திருப்பிச் சொல்வதில்லை. விதியை உள்ளே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலக் குழந்தைகள்கூட முதலில் தாயிடம் கேட்ட 'வென்ட்' என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டு, பிறகு 'கோ'வோடு 'எட்' சேர்த்துச் சில காலம் பிழையாகச் சொல்லி, மறுபடியும் 'வென்ட்' என்பதற்குத் திரும்புகிறார்கள். நடுவில் வரும் அந்தப் பிழை, அறிவு வளர்ந்ததன் அடையாளம்.

இவ்வளவும் தெரிந்த நான், வகுப்பறையில் எப்படி நடந்துகொண்டேன்? இதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நான் ஆசிரியையாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அது வேறோர் ஊர்ப் பள்ளி. ஏழாம் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு 'என் தாய்'. ஒரு பெண் 'மை மதர் டீச்ட் மீ' என்று எழுதியிருந்தாள். அன்று எனக்குக் களைப்பு. திருத்த வேண்டிய நோட்டுகள் குவிந்து கிடந்தன. மறுநாள் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, "இது யாருடைய இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்தாள். நானும் சிரித்தேன். ஆம், நானும்தான் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பெற்றோர் கூட்டம் நடந்தது. அவள் தாயார் வந்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர். கால் பாதமெல்லாம் வெடித்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டீச்சர், பிள்ள இங்கிலீஷ் புஸ்தகத்தையே தொட மாட்டேங்கிறா. எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொல்றா. அப்படி என்ன எழுதிட்டா?" என்று கேட்டார்.

நான் மென்று விழுங்கினேன். அவருக்கு விளங்கும்படி அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. "எங்கம்மா எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்று எழுதியிருந்தாள்" என்றேன்.

அந்த அம்மாள் என்னையே பார்த்தார். "நெசந்தானே டீச்சர்? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா உப்புக் கூடையை எண்ணி எண்ணிக் கணக்கு மனசிலே நிக்கும். ராத்திரியிலே நாந்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இதிலே சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

நான் என்ன பதில் சொல்வேன்? 'டீச்ட்' தவறு, 'டாட்' சரி என்றா? அவர் அதைக் கேட்கவில்லையே! தம் மகள் தம்மைப் பற்றி எழுதிய ஒரே ஆங்கில வாக்கியத்தை நாற்பது பிள்ளைகள் முன்னால் நான் என்ன செய்துவிட்டேன் என்றல்லவா கேட்டார்! அந்த வாக்கியத்தில் ஒரு தாய் இருந்தாள், ஒரு மகளின் நன்றி இருந்தது. நான் பார்த்ததெல்லாம் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு எழுத்துகளை மட்டுமே. அயர்லாந்துச் சிஸ்டர் கெபியின் அருகே எனக்குக் கொடுத்ததை, நான் பெற்றுக்கொண்டு, அடுத்தவளுக்குக் கொடுக்காமல் போனேன்.

மன்னிப்புக் கேட்டேன். தாயிடமும் கேட்டேன், மறுநாள் வகுப்பில் மகளிடமும் கேட்டேன். அவள் தலையாட்டினாள். பிறகு ஆங்கிலத்தில் தேர்ச்சியும் பெற்றாள். ஆனால் அவள் தானாகக் கை தூக்கி ஒரு வாக்கியம் சொன்னதை, அவள் பள்ளியை விட்டுப் போகும்வரை நான் பார்க்கவில்லை. என் ஆசிரியப் பணியில் நான் தோற்ற இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், இதைத்தான் காட்டுவேன்.

அதன்பின் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். பிழையான வடிவம் கட்டுரையில் வந்தால், ஓரத்தில் சரியானதைச் சிறிதாக எழுதுவேன். கீழே, அவள் சொன்ன செய்தியைப் பற்றி ஒரு வரி எழுதுவேன். 'உன் பாட்டியின் பசு இப்போது எப்படி இருக்கிறது?' என்பதுபோல. பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பார்க்குமுன் அந்த வரியைத் தேடிப் படிப்பார்கள். சரியான வடிவமும் கூடவே மனத்தில் ஏறிவிடும்.

பிழையாகவே எழுதலாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடாதீர்கள், பிள்ளைகளே! பரீட்சையிலும், விண்ணப்பத்திலும், நாளை நீங்கள் அமரப்போகும் அலுவலகங்களிலும் 'காட்', 'டாட்' என்பவைதான் செல்லும். அவற்றுக்கு விதி இல்லை. மனப்பாடம் ஒன்றே வழி. தினம் ஐந்து வினைகளாகப் படித்தால் ஒரு மாதத்தில் பட்டியல் முடிந்துவிடும். நான் அப்படித்தான் படித்தேன். ஆனால் அந்தப் பட்டியல், பேசிப் பேசி மனிதர் நாவிலே உருண்டு உருவானது. வானத்திலிருந்து கற்பலகையில் எழுதி இறங்கிய கட்டளை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டில் ஆங்கிலத்தில் தப்பாக ஏதேனும் சொன்னால் கேலி செய்யாதீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று வெட்கப்படவும் வேண்டாம். பிள்ளை சொல்ல வரும் செய்தியைக் கேட்கும் காது உங்களுக்கு இருக்கிறது; அது போதும்.

இவ்வாண்டும் கடற்கரையிலிருந்தும் காட்டோரத்திலிருந்தும் புதிய பிள்ளைகள் நம் பள்ளிக்கு வந்திருப்பார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தி எழுந்து நின்று, 'மை ஃபாதர் கேட்ச்ட் எ பிக் ஃபிஷ்' என்பாள். அன்று சிரிக்காதீர்கள். முதலில், மீன் எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். அப்புறம் திருத்துங்கள்.

— ஒரு பழைய மாணவி